சுண்ணாம்பாரின் இடைவேளை

“என்னை ஒரே ஒரு வருஷம் எவனும் கதவைத் தட்டாம விட்டுப் பாருங்க. எலும்பையும் தசைநாணையும் வாயைத் திறந்து பேச வைக்கிறேன்.”

சுண்ணாம்பார் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது ஆராய்ச்சி நிலையத்தின் ஆண்டு விருந்தில், சாப்பிட்ட தட்டோடு கை கழுவும் வரிசையில் நின்றபோது. அவருக்கு முன்னால் நின்ற கணக்காளர் திரும்பி, “அதுங்க பேசி என்ன சார் ஆகப்போகுது? இங்க ஏற்கெனவே பேசுறவங்களையே சமாளிக்க முடியல” என்றார். பின்னால் நின்ற நிலையத் தலைவர் கேட்டதை மனதில் போட்டுக்கொண்டு கை கழுவினார். தலைவர்கள் பேசாமல் கை கழுவினால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

சுண்ணாம்பார் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. உடம்புக்குள் கால்சியம் எப்படிச் சேதி கொண்டுபோகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், “அது என்ன சார் கால்சியம்?” என்று கேன்டீனில் யாரோ ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தார்கள். இவர் பேச்சுக்குக் கேட்டதாக நினைக்காமல் பதில் சொல்லத் தொடங்கினார். கேன்டீனைப் பூட்டுகிற நேரம் வந்தது, பதில் முடிந்தபாடில்லை. மறுநாள் முதல் அவர் சுண்ணாம்பு. தலை நரைக்க நரைக்க மரியாதையும் சேர்ந்துகொண்டு சுண்ணாம்பார் ஆனார். அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஒருமுறை விடுப்பு விண்ணப்பத்தில் ‘சு’ என்று கையெழுத்தைத் தொடங்கிவிட்டு, அடித்து எழுதினார் என்று கேள்வி.

அன்று அவர் சொன்னதை நாம் கேன்டீன் பூட்டுவதற்குள் சொல்லிவிடலாம். எலும்பை வெறும் தூண் என்றும், தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாணை வெறும் கயிறு என்றும் நினைத்துக்கொண்டு நாம் நடமாடுகிறோம். இரண்டுக்கும் உயிர் உண்டு. நாணின் இழைகளுக்கு நடுவே செல்கள், பேருந்தில் இடம் கிடைத்தவர்கள் மாதிரி, வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நாம் ஒரு படி ஏறினால் நாண் இழுபடுகிறது. இழுபட்டதும் அந்தச் செல்களுக்குள் கால்சியம் குபுக்கென்று பெருகுகிறது. ‘பாரம் வருது, கட்டடத்தைப் பலப்படுத்து’ என்று அதற்கு அர்த்தம். சேதி சரியாகப் போய்க்கொண்டிருந்தால் நாண் உறுதியாகும். போகாவிட்டால் நைந்துபோகும். எலும்புக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இந்தக் குபுக்கைக் கண்ணால் பார்க்க ஒரு சாயம் இருக்கிறது. கால்சியம் பெருகினால் அது பச்சையாக ஒளிரும். எலியின் காலிலிருந்து எலும்புத் துணுக்கோடு ஒட்டிய நாணை எடுத்து, சாயத்தில் ஊறவைத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் கிடத்தி, இரண்டு முனைகளையும் கவ்விகளில் மாட்டி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இழுத்து இழுத்து விடுகிற இயந்திரம் ஒன்றைச் சுண்ணாம்பார் தன் கையாலேயே செய்துவைத்திருந்தார். அது ஓடும்போது கொசு இருமுவது போல ஒரு சத்தம் வரும். அவருக்கு அது சங்கீதம்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். முதல் சில இழுப்புகளுக்குச் செல்கள் பளிச் பளிச்சென்று பதில் சொல்லும். பிறகு மங்கும். பிறகு ஒன்றும் கிடையாது. ஓய்வுபெற ஒரு மாதமே இருக்கிற குமாஸ்தாவைக் கூப்பிட்டது மாதிரி, இழுத்த இழுப்புக்கு அசையும், ஏனென்று கேட்காது. இதற்குச் சுண்ணாம்பார் கண்டுபிடித்த காரணம், இழுத்தது போதவில்லை என்பது. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அவை பிடிவாதத்தை விட்டு மறுபடியும் ஒளிர்ந்தே தீரும் என்று நம்பினார். நடுவில் ஓய்வு கொடுத்தால் எலும்புச் செல்கள் மறுபடி பதில் சொல்கின்றன என்று வேறு சிலர் எழுதியிருந்ததை அவர் படிக்காமல் இல்லை. படித்துவிட்டு, “அது எலும்பு. ஒரே இடத்துல கிடக்கிற ஜாதி. நாண் உழைப்பாளி” என்று தீர்ப்பு எழுதி மூடிவைத்துவிட்டார்.

அதனால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. இயந்திரத்தின் ஓட்டம் நடுவில் நின்றுவிட்டால் அது ஓட்டமே அல்ல. நின்ற நாணைக் கழற்றிக் கழிவு வாளியில் போட்டுவிட்டு, புது நாண் மாட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓட்டத்தை நடுவில் நிறுத்துவதற்கென்றே படைக்கப்பட்ட ஒருவர் அந்த நிலையத்தில் இருந்தார். அவர் சுண்ணாம்பாருடைய மனைவியின் தம்பி.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பல கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. ஆராய்ச்சி நிலையத்தின் லிஃப்டும் அதில் ஒன்று. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையில் வேலை முடிந்ததும் நேராகத் தரைக்குக் கீழே இருக்கும் மாமாவின் இருட்டறைக்கு இறங்கிவந்து கதவைத் தட்டுவார். தட்டுவதற்குக் காரணம் எப்போதும் தயாராக இருக்கும்.

“மாமா, போன தடவை இங்க ஸ்பேனர் வச்சிட்டுப் போனேனா?”

“இல்ல.”

“அதான் பார்த்தேன், என் பையிலயே இருக்கு. டீ வாங்கிட்டு வந்திருக்கேன், ஆறிடும்.”

இன்னொரு நாள், “மாமா, மேல நல்ல மழை. உங்களுக்கு ஜன்னல் கிடையாதே, தெரியாம இருப்பீங்கன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.” வேறொரு நாள், கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே, “மாமா, மணி என்ன ஆச்சு?”

ஒவ்வொரு தட்டலுக்கும் இயந்திரம் நிற்கும், ஒரு நாண் வாளிக்குப் போகும். சுண்ணாம்பார் வெளியே வந்து, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு டீயைக் குடிப்பார். பெரும்பாலான நாட்களில் அன்று காலையிலிருந்து அவர் வயிற்றுக்குள் போன முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். அதை அவர் கவனித்தது கிடையாது.

வீட்டுக்குப் புகார் போகும். அவருடைய மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வலியோடு வருகிறவர்களை உட்காரவைத்து, ‘இதோ கூப்பிடுவாங்க’ என்று சொல்லிச் சமாளிப்பதுதான் அவர் வேலை. வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

“உன் தம்பியை ஒரு வார்த்தை சொல்லி வை. என் ஆராய்ச்சி முன்னேறாததுக்கு ஒரே காரணம் அவன்தான்.”

“சொல்றேங்க. வாயைத் திறங்க… ஐயோ, மருந்தை முழுங்கச் சொன்னேன். இன்னும் என்ன ஆராய்ச்சியிலயே இருக்கீங்க?”

இந்த லட்சணத்தில் விருந்து முடிந்து ஒரு வருடம் ஓடிற்று. அப்போதுதான் நிலையத் தலைவர், அன்று மனதில் போட்டுக்கொண்டதை வெளியே எடுத்தார். ஒரு திங்கட்கிழமை இருட்டறைக்கு வந்து, சுவர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் அளந்தார்.

“மாநாட்டு அறைக்குப் புது நாற்காலி வருது. பழசை எங்க போடுறதுன்னு யோசிக்கிறேன்.”

“இங்கயா சார்?”

“முன்னாடி இது நாற்காலி கிடந்த அறைதான். அது இருக்கட்டும், எலும்பு பேசிச்சா?”

சுண்ணாம்பார் பேசவில்லை. எலும்பும் பேசவில்லை.

“வர்ற வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். செல்லு மறுபடி ஒளிருதுன்னு காட்டுங்க, அறை உங்களுது. இல்லன்னா மூணாவது மாடியில ஒரு மேசை தரச் சொல்றேன். காத்தோட்டமான இடம்.”

காற்றோட்டமான இடம் என்பதன் பொருள் சுண்ணாம்பாருக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் யாராவது தும்மினால் தரை அதிரும், அங்கே மைக்ராஸ்கோப்பில் எதையும் பார்க்க முடியாது. பகல் வெளிச்சத்தில் சாயம் வெளுத்துவிடும். இந்த அறை போனால் வேலை போன மாதிரி. சம்பளம் வரும், நாற்காலி இருக்கும், ஓய்வுபெறும்வரை காற்றும் வரும். ஆனால் பாதி வாழ்க்கையைக் கொடுத்துக் கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. எலிக்கூடத்திலிருந்து அந்த மாதத்துக்குக் கிடைத்த கடைசி நாண்கள் இரண்டு. முதலாவதைக் கொஞ்சம் அதிகமாகவே ஊக்கப்படுத்தப் போய் அது அறுந்துவிட்டது. இரண்டாவதை மாட்டினார். முதலில் பளிச்சிட்டது. மங்கியது. அடங்கியது. சுண்ணாம்பார் விடவில்லை. இயந்திரம் இருமிக்கொண்டே இருந்தது. தலைவர் வரும் நேரமும் நெருங்கிவிட்டது.

கதவு தட்டப்பட்டது.

அந்தத் தட்டல் யாருடையது என்று அவருக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியும். இயந்திரத்தை நிறுத்தி, மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்து, கதவைத் திறந்தார். அவ்வளவு வருடமாக வாயோரத்தில் நிறுத்திவைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது.

“உனக்கு வேற வேலையே கிடையாதா? என் பிழைப்பைக் கெடுக்கணும்னே உங்க அக்கா உன்னைப் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்து அனுப்பி வச்சிருக்காளா? இன்னொரு தடவை இந்தக் கதவுப் பக்கம் வந்தே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

மச்சான் முடியும்வரை நின்று கேட்டார்.

“தலைவர் லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு மாமா. பாதி வழியில நிக்குது. என் கூட்டாளி இன்னைக்கு லீவு. நான் மேல போய் பிரேக்கை விடுவிச்சு கையால சுத்தி இறக்கணும். இங்க கீழ லிஃப்ட் கதவுகிட்ட ஒரு ஆள் நின்னு, தரை மட்டத்துக்கு வந்ததும் போன்ல சொல்லணும். உங்களைத்தான் எனக்குத் தெரியும்.”

சுண்ணாம்பார் போனார். கதவு இடுக்கில் தலைவரின் காலணிகள் மட்டும் அவர் கண் உயரத்தில் தெரிந்தன. ஒரு பெரிய பதவியை அந்தக் கோணத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

“யாரு அங்க?”

“நான்தான் சார்.”

“சுண்ணாம்பா?”

அந்தப் பெயரைத் தலைவர் வாயால் அவர் கேட்டது அதுவே முதல் தடவை. “ஆமா சார்.”

“காத்து வருமா?”

“இடுக்கு வழியா வரும் சார். என் மச்சான் மேல போயிருக்காரு. இப்ப இறக்கிடுவாரு.”

காலணிகள் இடம் மாறி நின்றன. “பேசிக்கிட்டே இருங்க.”

“என்ன சார் பேசுறது?”

“எதையாவது. கால்சியத்தையே பேசுங்க.”

நிலையத்தின் வரலாற்றில் சுண்ணாம்பாரைப் பார்த்து இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் பேசினார். மேலே மச்சான் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. தலைவரின் கால்சட்டை, பிறகு இடுப்பு வார், பிறகு கழுத்துப் பட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தரிசனம் கிடைத்தது. நடுவில் அது ஒருமுறை சிக்கி நின்றது. சரிசெய்து இறக்குவதற்குள், சுண்ணாம்பார் எலும்புச் செல்களை முடித்துவிட்டு நாணுக்கு வந்திருந்தார். தரை மட்டத்துக்கு வந்ததைப் போனில் சொன்னார். கதவு திறந்தது. தலைவர் வெளியே வந்தார். உட்கார இடம் தேடினார். பக்கத்தில் இருந்தது இருட்டறையின் முக்காலிதான்.

உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகு, வந்த காரியம் அவருக்கு நினைவுக்கு வந்தது. “சரி, காட்டுங்க.”

சுண்ணாம்பாரின் சட்டப்படி பார்த்தால் கவ்வியில் இருப்பது கெட்டுப்போன ஓட்டம், வாளிக்குப் போக வேண்டிய நாண். ஆனால் வாளியில் போட்டால் மாட்டுவதற்கு வேறு நாண் கிடையாது. தூக்குமேடைக்குப் போகிறவன் சட்டையைச் சரிசெய்துகொள்வது போல, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

இயந்திரம் ஒருமுறை இருமியது. மைக்ராஸ்கோப்போடு இணைத்திருந்த திரை முழுவதும் பச்சையானது.

ஓர் ஓரத்தில் தொடங்கி, வரிசை வரிசையாக, ஒவ்வொரு செல்லும் ஒளிர்ந்து, பக்கத்துச் செல்லைத் தட்டி எழுப்பியது போல அடுத்ததும் ஒளிர்ந்தது. இழுத்தபோதெல்லாம் ஒளிர்ந்தது. காலையில் இருந்த வெளிச்சத்தைவிட இது கூடுதல். சுண்ணாம்பாருக்கு வாய் பிளந்துவிட்டது. நல்லவேளையாக அறை இருட்டு.

“இதுதானா?” என்றார் தலைவர்.

“இதேதான் சார். எதிர்பார்த்தபடியே வந்திருக்கு.”

விஞ்ஞான வரலாற்றில் இந்த வாக்கியம் சொல்லப்பட்ட இடங்களையெல்லாம் தோண்டிப் பார்த்தால் பல லிஃப்டுகள் அகப்படலாம்.

தலைவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் தலைவர். “ஒரு தடவை வந்தது போதாது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவைக் கூட்டிட்டு வரேன். இன்னொரு தடவை இதே மாதிரி காட்டுங்க. எலிக்கூடத்துக்கு நான் சொல்லிடுறேன்.”

அந்த வாரம் சுண்ணாம்பாரின் கதவை யாரும் தட்டவில்லை.

முதல் நாள் அது சொர்க்கமாக இருந்தது. என்ன நடந்தது என்று யோசித்து, உண்மையைக் கண்டுபிடித்தார். லிஃப்டுக்காக அவர் வெளியே போயிருந்த நேரமெல்லாம் நாண் சும்மா கிடந்திருக்கிறது. நாணுக்கும் ஓய்வு வேண்டும். உழைப்பாளிக்குத்தான் அது அதிகம் வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. சின்ன விஷயம், இனி தானே செய்துகொள்ளலாம் என்று புது நாணை மாட்டினார். இழுத்தார், அடங்கியது, நிறுத்தினார், காத்திருந்தார்.

காத்திருப்பது என்பது சுண்ணாம்பாருக்குத் தெரியாத கலை என்று அப்போதுதான் தெரியவந்தது. இருட்டில் உட்கார்ந்து, ஓய்வெடுக்கும் ஒரு நாணைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமல்ல. கொஞ்ச நேரத்தில் கை அரித்தது. ‘இப்போது தயாராகிவிட்டதா, ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம்’ என்று பொத்தானை அழுத்தினார். ஒளிரவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் ஓய்வு என்று நிறுத்தினார். மறுபடியும் அரித்தது, மறுபடியும் ஒரு சின்ன இழுப்பு. இப்படி நாள் முழுவதும். தூங்குகிறவரை எழுப்பி, ‘நல்லா தூங்குறீங்களா?’ என்று கேட்டுவிட்டு மறுபடியும் படுக்கவைக்கும் மருத்துவமனைத் தாதி மாதிரி அவர் அந்த நாணைப் பராமரித்தார். இழுத்துப் பார்ப்பதே ஓய்வைக் கெடுக்கிறது என்று புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. தானாகவே இடைவெளி விட்டு ஓடும்படி இயந்திரத்தில் ஏற்பாடு செய்தார். செய்துவிட்டு, பாதியில் அதைத் தானே ரத்துசெய்தார்.

புதன்கிழமைக்குள் கையிருப்பில் முக்கால்வாசி வாளிக்குப் போயிற்று. திரையில் பச்சை இல்லை. வெள்ளிக்கிழமை குழு வரும்போது கையில் காட்ட ஒன்றுமிருக்காது. யாரும் தட்டாத கதவுக்கு இந்தப் பக்கம் சுண்ணாம்பார் உட்கார்ந்திருந்தார். பசித்தது. இந்த நேரத்துக்கு வழக்கமாக ஒரு டீ வருமே என்று தோன்றியது. அந்த டீ எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று யோசித்தார். பிறகு நெடுநேரம் வேறு எதையும் யோசிக்கவில்லை. இத்தனை வருடமாக அவரை அந்த முக்காலியிலிருந்து பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோய், நாணுக்கு வேண்டிய ஓய்வை நாள் தவறாமல் கொடுத்துவந்த ஒரே ஆள் மச்சான்தான். திரும்பி வந்த கையோடு பொத்தானை அழுத்தியிருந்தால் என்றைக்கோ பதில் கிடைத்திருக்கும். அதை அவர் ஒவ்வொரு தடவையும், டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டே, வாளியில் போட்டிருக்கிறார்.

அன்று வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தவர், கொஞ்சம் நெளிந்து கேட்டார்.

“உன் தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஆளைக் காணோமே.”

“நல்லா இருக்கான். உங்க பக்கம் போக வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

“நீ ஏன் சொன்னே?”

“நீங்க ஏன் அப்படிப் பேசுனீங்க? அவன் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீங்க கத்துனது கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சாம், கேன்டீன்காரர் பல்லு புடுங்க வந்தப்ப சொன்னாரு. வாயில பஞ்சை வச்சுக்கிட்டே முழுக்கதையும் சொல்லிட்டாரு.”

சுண்ணாம்பார் சோற்றைப் பிசைந்தார்.

“அந்த லிஃப்ட் அவ்வளவு தடவையா ரிப்பேர் ஆகும்?” என்றார் மெதுவாக.

“அது எங்க ரிப்பேர் ஆச்சு? அன்னைக்கு ஒரு நாள் நின்னதுதான். மாசம் ஒரு தடவை எண்ணெய் விட்டா போதுமாம். ‘அக்கா, மாமா காலைல இருந்து சாப்பிடாம இருட்டுக்குள்ளயே கிடக்காரு, எப்படியாவது வெளிய இழுத்துட்டு வந்து எதையாவது குடிக்க வைக்கணும்’னு சொல்லிட்டு அவனாதான் ஏதாவது சாக்கு தேடிக்கிட்டு வருவான்.”

சுண்ணாம்பார் தண்ணீர் குடித்தார். “அவன்கிட்ட ஒரு நன்றி…”

“அதையெல்லாம் சொல்லி வைக்காதீங்க. மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடுவான்.”

உண்மைதான். நம் வீடுகளில் சொந்தக்காரர்களுக்குள் நன்றி என்ற சொல்லை எடுத்தால், கேட்கிறவர் முதலில் கதவைச் சாத்தி, என்ன நடந்தது என்று விசாரிப்பார். சுண்ணாம்பார் அந்தச் சொல்லைச் சாப்பாட்டோடு விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. இருட்டறை கொள்ளாத கூட்டம். சுண்ணாம்பார் கடைசி நாணை இயக்கினார். ஒளிர்ந்தது, மங்கியது, அடங்கியது. குழுவில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சுண்ணாம்பார் இயந்திரத்தை நிறுத்தி, விளக்கையும் அணைத்தார்.

“இது கொஞ்சம் ஓய்வெடுக்கணும். அதுவரைக்கும் நாமளும் எடுப்போம். நீங்க கேன்டீன்ல டீ சாப்பிட்டு வாங்க. யாரும் இதைத் தொட வேண்டாம், முக்கியமா நான்.”

“நீங்க எங்க போறீங்க?” என்றார் தலைவர்.

“என் மச்சானைப் பார்த்துட்டு வரேன்.”

தலைவர் லிஃப்டைக் காட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இறக்கிக்கொண்டார். சுண்ணாம்பார் படியேறினார். மொட்டை மாடி வரைக்கும் ஏறினார். முழங்காலும் குதிகாலும் ஒவ்வொரு படியிலும் ஏதோ சேதி அனுப்பிக்கொண்டிருந்தன. மோட்டார் அறைக் கதவு சாத்தியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அதைத் தட்டினார்.

கையெல்லாம் கிரீஸோடு மச்சான் திறந்தார். அவரைப் பார்த்ததும் பதறிப்போனார். “யாராவது மாட்டிக்கிட்டாங்களா மாமா?”

“இல்ல. சும்மாதான் வந்தேன்.”

“சும்மாவா?” மச்சான் அவர் நெற்றியைப் பார்த்தார், தொட்டுப் பார்க்கலாமா என்பது போல. “அக்காவுக்கு ஏதாவது…”

“எல்லாரும் நல்லா இருக்காங்க. உட்கார இடம் இருக்கா?”

மச்சான் கருவிப் பெட்டியை மூடி, துணியால் துடைத்துக் கொடுத்தார். சுண்ணாம்பார் அதன்மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கயிறு சுற்றிய பெரிய சக்கரத்தைப் பார்த்தார். அன்றைக்குக் கையால் சுற்றியது இதைத்தானா என்று கேட்டார். மச்சான் விளக்கத் தொடங்கினார். பிரேக் என்றார், எதிர் எடை என்றார். ‘கயிறு தேஞ்சிருக்கான்னு விரலாலயே தடவிப் பார்ப்பேன் மாமா’ என்றார். ஒரு கேள்விக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை. சுண்ணாம்பார் குறுக்கே பேசாமல் கேட்டார். இந்தக் குடும்பத்தில் தன்னைப் போல இன்னொருவர் இருப்பது அவருக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

“கீழ உங்களுக்கு வேலை கிடக்குமே மாமா?”

“கிடக்கட்டும். அன்னைக்கு நான் பேசுனது…”

“அதை விடுங்க. நீங்க பசியில இருந்தீங்க.”

போதுமான நேரம் ஆகியிருந்தது. “நீயும் வா” என்றார் சுண்ணாம்பார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். இருட்டறையில் குழு திரும்பி வந்து காத்திருந்தது. சுண்ணாம்பார் முக்காலியில் மச்சானை உட்காரவைத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்று, பொத்தானை அழுத்தினார்.

பச்சை வந்தது. வரிசை வரிசையாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை. இருட்டில் யாரோ “அடேயப்பா” என்றார்கள். “இது எல்லாம் எலிக் காலா மாமா?” என்று மச்சான் ரகசியமாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அறை சுண்ணாம்பாருக்கே என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. பழைய நாற்காலிகள் மூன்றாவது மாடிக்குப் போயின. காற்றோட்டமான இடம்.

அறை விளக்கைப் போட்ட பிறகு குழுவில் மூத்தவர் கேட்டார். “நடுவில இவ்வளவு நேரம் விடணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?”

எதிர்பார்த்தபடியே என்ற சொல் சுண்ணாம்பாரின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்பினார்.

“எனக்குத் தோணல. இவர் வந்து கதவைத் தட்டினாரு.”

எல்லோரும் சிரித்தார்கள், நல்ல நகைச்சுவை என்று. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. சுண்ணாம்பாரும் சிரிக்கவில்லை. அவர் எல்லோருக்கும் முன்னால் குனிந்து, முக்காலியில் இருந்தவரிடம் கேட்டார்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?”

“நாளைக்கு வேற கட்டடத்துல வேலை மாமா. இங்க வர முடியாதே.”

“எந்தக் கட்டடம்னு சொல்லு” என்றார் சுண்ணாம்பார். “நான் வரேன்.”